ஒரு காலி ஸ்லாட் வேண்டும்

மடவார் வளாகம் வைத்தியநாத சுவாமி கோயிலுக்குப் போகும் வழியில் இருக்கிறது என் கடை. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. ஒரு மேசை, ஒரு சாலிடரிங் அயர்ன், சுவரோரமாகப் பெயர் எழுதி ஒட்டி வைத்த சிபியுக்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் வருவார்கள்; ராஜபாளையம் மில் பக்கமிருந்தும் வருவார்கள். இருபது வருடத்துக்கு மேலாகக் கம்ப்யூட்டர் சரிபார்ப்பதுதான் என் பிழைப்பு.

போன வருடம் ஜூன் மாதம், கல்லூரி அட்மிஷன் நடந்துகொண்டிருந்த நேரம். பால்கோவா கிளறும் இடத்தில் வேலை பார்க்கும் ஒரு அம்மா மகளோடு வந்தார். பழைய சேலைத் துண்டில் சுற்றிய அரசு லேப்டாப்பை மேசைமேல் வைத்தார்.

"அண்ணே, மூத்தவளுக்குப் பன்னெண்டாப்புல குடுத்தது. இப்பச் சின்னவ காலேஜு போறா. ஆன் பண்ணுனா எந்திரிக்கவே அரை மணி நேரம் ஆகுது. ஒரு கடையில காட்டுனோம். இது குப்பைக்குத்தான், முப்பத்தஞ்சாயிரத்துக்குப் புதுசு வாங்கிக்கோங்கன்னு சொல்லிட்டாக."

அவர் மாதச் சம்பளம் அதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. நான் பேட்டரியைக் கழற்றிவிட்டு, பின்மூடியின் திருகுகளை எடுத்தேன். உள்ளே இரண்டு ஸ்லாட். ஒன்றில் 2 ஜிபி ரேம். இன்னொன்று, தொழிற்சாலையிலிருந்து வந்த நாள் முதல் காலி. பத்து வருடத்துக்கு மேலாக அந்த வீட்டில் மூடிக் கிடந்த காலி இடம் அது. அதில் யாரோ கழற்றிப் போட்ட 4 ஜிபி ஸ்டிக் ஒன்றைச் செருகினேன், 600 ரூபாய். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டுச் சின்ன எஸ்எஸ்டி ஒன்று போட்டேன். எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துக்குள் முடிந்தது. அந்தப் பெண் இப்போது இரண்டாம் வருடம் போகப்போகிறாள். அசைன்மென்ட் எல்லாம் அதில்தான் அடிக்கிறாள்.

'குப்பை' என்ற அந்தச் சொல் எனக்கு இன்னும் ஆறவில்லை. சொன்னவர் பின்மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. திருகில் என் கைதான் முதலில் பட்டது என்பது அதன் தலையைப் பார்த்தாலே தெரிந்தது.

தமிழ்நாட்டில் இலவச மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி, திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கியது. அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்தது. முதல் வருட இலக்கே ஒன்பது லட்சத்துக்கு மேல். அதற்குப் பின்னும் வருடா வருடம் லட்சக்கணக்கில் வீடுகளுக்குப் போயின. எங்கள் பக்கம் எந்தத் தெருவில் நுழைந்தாலும் நாலு வீட்டுக்கு ஒன்று பரணிலோ பீரோ மேலோ இருக்கும். 'ஓடல' என்பார்கள். என்னிடம் வந்தவற்றில் பெரும்பாலானவை ஓடக்கூடியவை. 2 ஜிபி ரேமில் 2011-இல் ஓடிய வேலை வேறு. இன்றைக்கு ஒரு பிரவுசரும் இரண்டு பக்கங்களும் திறந்தாலே அந்த 2 ஜிபி நிறைந்துவிடும். நிறைந்ததும் கம்ப்யூட்டர் மிச்சத்தை ஹார்ட் டிஸ்க்கில் எழுதி எழுதி எடுக்கும். அந்த நேரத்தில்தான் டிஸ்க் விளக்கு அணையாமல் எரியும், மவுஸ் நகராது, பிள்ளைகள் கோபத்தில் மூடியைப் படாரென்று சாத்துவார்கள்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, ரேம் உண்மையிலேயே நிறைகிறதா என்பதைத்தான். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, வழக்கமாகச் செய்யும் வேலையைச் செய்துகொண்டே மெமரி எத்தனை சதவீதம் என்று பாருங்கள். எண்பதைத் தாண்டி அங்கேயே நின்றால் ரேம் வாங்குங்கள். நாற்பதில் நிற்கிறது, ஆனாலும் ஸ்லோ என்றால் ரேமில் காசைப் போடாதீர்கள்; குறை பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும். ரேம் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி விற்கும் பழக்கம் எங்கள் தொழிலில் உண்டு. எனக்கு அது பிடிக்காது.

இனி, எந்த ரேம்? இங்கேதான் ஏமாற்றம் நடக்கிறது. வாங்குபவருக்கும் தெரிவதில்லை, பல சமயம் விற்பவருக்கும் தெரிவதில்லை.

அந்த அம்மாவின் லேப்டாப்பில் இருந்த ஸ்டிக்கின் மேல் ஒட்டிய சீட்டில் இருந்தது இது: '2ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி3எல்-12800எஸ்'. பார்க்கச் சங்கேத மொழி மாதிரி இருக்கும். ஆனால் வேண்டியது முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. 'பிசி3' என்றால் டிடிஆர்3 தலைமுறை. அதனோடு ஒட்டியுள்ள 'எல்', குறைந்த மின்னழுத்தத்தைக் குறிக்கும்: சாதாரண டிடிஆர்3 கேட்பது 1.5 வோல்ட், இது 1.35 வோல்ட்டிலேயே ஓடும். 12800 என்பது நொடிக்கு எத்தனை மெகாபைட் போய்வரும் என்ற கணக்கு. அதை எட்டால் வகுத்தால் 1600 வரும், கடைக்காரர் 'ஸ்பீடு' என்று கேட்பது அதைத்தான். கடைசியில் வரும் 'எஸ்', லேப்டாப்புக்கான குட்டை ஸ்டிக் என்பதற்கு. '1ஆர்எக்ஸ்8', சில்லுகள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதைச் சொல்லும்.

டிடிஆர்2 இடத்தில் டிடிஆர்3 நுழையாது, டிடிஆர்3 இடத்தில் டிடிஆர்4 நுழையாது. ஒவ்வொன்றுக்கும் அடியில் உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். லேப்டாப் ஸ்டிக்கில் டிடிஆர்2-க்கு 200 கால், டிடிஆர்3-க்கு 204, டிடிஆர்4-க்கு 260, டிடிஆர்5-க்கு 262. இதை நான் சொல்லாவிட்டாலும் ஸ்லாட்டே சொல்லிவிடும். அழுத்தி நுழைக்காமல் இருந்தால் போதும். அழுத்தி நுழைத்து ஸ்லாட் உடைந்து வந்த போர்டுகளையும் பார்த்திருக்கிறேன்.

ஸ்லாட்டில் அழகாக உட்கார்ந்தும் வேலை செய்யாத ரேம் இருக்கிறதே, கஷ்டம் அதில்தான். குறைந்த மின்சாரம் எடுக்கும் சில லேப்டாப்கள் 1.35 வோல்ட் ஸ்டிக்கை மட்டும்தான் ஏற்கும். அதில் 'எல்' இல்லாத டிடிஆர்3-ஐப் போட்டால் திரை கறுப்பாகவே நிற்கும். உருவத்தில் இரண்டும் ஒன்றுதான். வித்தியாசம் சீட்டில் ஒரே எழுத்து. லேப்டாப்புக்கு வாங்கும்போது 'எல்' உள்ளதாகவே கேளுங்கள் என்று நான் எல்லோருக்கும் சொல்வது அதனால்தான். அது பெரும்பாலும் இரண்டு வகை லேப்டாப்பிலும் ஓடும்.

இந்தத் தொழிலில் எனக்குப் பெரிய பாடம் சத்திரப்பட்டியில் கிடைத்தது. ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் பேண்டேஜ் துணி நெசவுக்குப் பேர்போன ஊர். அங்கே ஒரு துணி வியாபாரியின் கணக்கு அறையில் மூன்று பழைய சிஸ்டம். மூன்றும் ஜி41 சிப்செட் போர்டு, கோர் 2 டுயோ, டிடிஆர்3. டேலி கணக்கு மென்பொருளும் எக்ஸெலும் ஓட வேண்டும், அவ்வளவுதான். "அண்ணாச்சி, புதுசு வேண்டாம், இதையே கொஞ்சம் தேத்திக் குடுங்க" என்றார். நானும் இணையத்தில் மலிவாகக் கிடைத்த 4 ஜிபி ஸ்டிக் ஆறு வாங்கினேன். எல்லா போர்டுக்கும் பொருந்தும் என்று விற்றவர் எழுதியிருந்தார். கொண்டுபோய்ப் போட்டால் மூன்று சிஸ்டமும் பீப் பீப் என்று கத்தின. டிஸ்பிளே வரவில்லை.

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து படித்த பிறகுதான் விளங்கியது. ஜி41 சிப்செட்டுக்கு ஒரு சில்லில் 2 கிகாபிட் வரைதான் தெரியும். பதினாறு சில்லு வைத்த 4 ஜிபி ஸ்டிக் என்றால் ஒரு சில்லுக்கு 2 கிகாபிட்; போர்டு அதை ஏற்றுக்கொள்ளும். நான் வாங்கியதில் எட்டே சில்லு. ஒவ்வொன்றும் 4 கிகாபிட். இரண்டும் 4 ஜிபி, இரண்டும் டிடிஆர்3, வேகமும் ஒன்று. போர்டுக்குப் புரிவது ஒன்று மட்டும். ஸ்டிக்கைத் திருப்பிப் பார்த்து, இரண்டு பக்கமும் எட்டெட்டுச் சில்லு இருக்கிறதா என்று எண்ணியிருந்தால் போதும். ஆறு ஸ்டிக்கையும் விற்றவர் திரும்ப வாங்கவில்லை. நஷ்டம் என்னுடையது. துணி வியாபாரியிடம் அதைக் கேட்பது நியாயமில்லை.

டிடிஆர்2 காலத்துச் சிஸ்டத்திலும் இதே மாதிரி ஒன்று உண்டு. 'ஏஎம்டிக்கு மட்டும்' என்று பொடி எழுத்தில் போட்டு 4 ஜிபி ஸ்டிக் பாதி விலைக்கு வரும். இன்டெல் போர்டில் அது ஓடாது. விலை அவ்வளவு இறங்கியிருந்தால் அந்தப் பொடி எழுத்தைத் தேடிப் படியுங்கள்.

ராஜபாளையம் மில் அலுவலகங்களுக்குப் போனால் வேறொரு கதை. சிபியு மூடியைத் திறந்தால் உள்ளே பஞ்சு. ஃபேன் முழுக்க, ரேம் ஸ்லாட்டின் இடுக்கு முழுக்க மெல்லிய வெள்ளைப் பஞ்சு படிந்திருக்கும். ரேம் கெட்டுவிட்டது, புது ரேம் வேண்டும் என்று கூப்பிட்டு விடுவார்கள். நான் ஸ்டிக்கைக் கழற்றி, பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் ரப்பரால் தங்க நிறக் கால்களை இரண்டு பக்கமும் மெதுவாகத் துடைத்து, ஸ்லாட்டைப் பிரஷ்ஷால் தட்டி, திரும்பப் போடுவேன். பத்தில் ஆறு தடவை டிஸ்பிளே வந்துவிடும். துடைத்ததற்கு 150 ரூபாய் வாங்குவேன். புது ரேம் விற்றிருந்தால் அதைவிடக் கூடுதலாகக் கிடைத்திருக்கும் என்பது எனக்கும் தெரியும்.

ரேம் பொருந்தினாலும் விண்டோஸ் அதை எடுத்துக்கொள்ளுமா என்று ஒரு கேள்வி உண்டு. 32 பிட் விண்டோஸுக்கு 4 ஜிபிதான் எல்லை. அதிலும் முழுசாகக் கைக்கு வராது. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் என்று ஒரு பதிப்பு இருந்தது. 2 ஜிபிக்கு மேல் எத்தனை போட்டாலும் அது தொடவே தொடாது. ரேம் போட்டும் ஒரு மாற்றமும் இல்லை என்று என்னிடம் வந்த ஒரு பையனின் லேப்டாப்பில் அந்த ஸ்டார்ட்டர்தான் இருந்தது. அவன் கொடுத்த காசு ஆறு மாதமாக அந்த ஸ்லாட்டில் சும்மா உட்கார்ந்திருந்தது.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி கேட்கும், புதிய பிராசசர் கேட்கும். அரசு லேப்டாப்களில் பழையவை எதுவும் அந்தப் படி ஏறாது. அதற்காக அவற்றை எடைக்குப் போட வேண்டியதில்லை. அந்தத் திட்டத்தில் வந்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான். நான் இப்போது 4 ஜிபி, 6 ஜிபி ஆக்கிய லேப்டாப்களில் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுக்கிறேன். தமிழ்99 விசைப்பலகை அதில் உண்டு, லிப்ரே ஆஃபிஸ் உண்டு, பிரவுசர் உண்டு. கல்லூரி விண்ணப்பம் போட, பாடக் குறிப்பு எழுத, அரசுச் சான்றிதழ் இறக்க இதற்கு மேல் என்ன வேண்டும்? டேலி வேண்டும் என்பவர்களுக்குத்தான் விண்டோஸ்.

இதையெல்லாம் இன்று எழுதக் காரணம் இருக்கிறது. ரேம் விலை ஏறிக்கிடக்கிறது. செயற்கை நுண்ணறிவுக்காக உலகெங்கும் கட்டும் தரவு மையங்களுக்கு மெமரி மலைபோலத் தேவைப்படுகிறது. உலகத்தின் பெரும்பங்கு ரேம் சில்லுகளைச் செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்றே நிறுவனங்கள். அவை லாபம் கூடிய அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. 2025 டிசம்பர் 3-ஆம் தேதி மைக்ரான், சாதாரண மக்களுக்கு விற்றுவந்த 'க்ரூஷியல்' பிராண்டையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. நான் பல வருடமாக நம்பி வாங்கிப் போட்ட ஸ்டிக் அது. 2025 தொடக்கத்தில் 8 ஜிபி டிடிஆர்4-க்கு நான் கொடுத்த விலைக்கும், வருடக் கடைசியில் எனக்குச் சொன்ன விலைக்கும் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். கலிஃபோர்னியாவில் யாரோ கட்டும் கட்டடத்துக்காக மடவார் வளாகத்தில் ஒரு பிள்ளையின் படிப்புச் செலவு ஏறுகிறது.

பழைய டிடிஆர்3 ஸ்டிக் அந்த அளவு ஏறவில்லை. ஆகவே பழைய லேப்டாப் வைத்திருப்பவருக்கு இன்னும் வழி இருக்கிறது. ஓடாத லேப்டாப்பிலிருந்து கழற்றிய ஸ்டிக், சென்னை ரிச்சி தெருவிலிருந்து வரும் செகண்ட் ஹேண்ட் ஸ்டிக், எதுவும் ஆகும். ரேமில் தேயும் பாகம் கிடையாது. நல்லதாக இருந்தால் பல வருடம் உழைக்கும். ஒரே ஒரு நிபந்தனை: மெம்டெஸ்ட் என்ற இலவசச் சோதனையை ஒரு ராத்திரி முழுக்க ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஒரு பிழைகூட வரக் கூடாது. ஒரு வாரம் மாற்றித் தரும் உத்தரவாதம் கேளுங்கள். தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

பழைய 2 ஜிபியோடு புதிய 4 ஜிபியைச் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். சேர்க்கலாம். இரண்டில் எது மெதுவோ அந்த வேகத்தில் இரண்டும் ஓடும். பெரும்பாலும் ஒத்துப்போகும், ஒத்துப்போகாமல் முரண்டுபிடித்ததும் உண்டு. அதனால்தான் கடையிலேயே போட்டு ஓட்டிப் பார்த்து வாங்கச் சொல்கிறேன்.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். 2025-26 பட்ஜெட்டில் தமிழ்நாடு அரசு, இரண்டு வருடத்தில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி தருவதாக அறிவித்தது. அதற்கு 2,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. எல்காட் டெண்டரில் 8 ஜிபி ரேமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் கேட்டிருந்தார்கள். நல்ல முடிவு, வரவேற்கிறேன். ஆனால் 2011-இல் 2 ஜிபி எப்படியோ, இன்றைக்கு 8 ஜிபி அப்படி. இன்னும் ஆறேழு வருடத்தில் இந்தப் பிள்ளைகளின் தம்பி தங்கைகள் அதே லேப்டாப்பைத் துணியில் சுற்றிக்கொண்டு என்னைப் போன்றவர்களிடம் வருவார்கள். அன்றைக்குப் பின்மூடியைத் திறந்தால் அங்கே ஒரு ஸ்லாட் இருக்குமா?

இப்போது வரும் ஒல்லியான லேப்டாப்கள் பலவற்றில் ரேமைப் போர்டிலேயே சாலிடர் செய்துவிடுகிறார்கள். கழற்ற முடியாது, கூட்ட முடியாது. ஒரு சில்லு கெட்டால் போர்டே போச்சு. மின்சாரம் குறைவாக எடுக்கும், எடை குறையும் என்கிறார்கள், அது பொய்யில்லை. இரண்டு வருடத்துக்கு ஒரு லேப்டாப் மாற்றுகிறவருக்கு அது சரியாக இருக்கலாம். ஒரு லேப்டாப்பை அக்கா, தங்கை, அப்புறம் மாமா மகன் என்று பத்து வருடம் கைமாற்றி ஓட்டும் வீட்டுக்கு அது அநியாயம்.

பிரான்சில் 2021 ஜனவரி முதல் லேப்டாப் விற்கும்போதே, அதைச் சரிபார்ப்பது எவ்வளவு எளிது என்று பத்துக்கு மதிப்பெண் போட்டு ஒட்ட வேண்டும் என்பது சட்டம். நம் நாட்டிலும் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுநீக்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் தொடங்கியது. அதெல்லாம் பெரிய காரியம். நான் கேட்பது சின்னது. மக்கள் பணத்தில் வாங்கும் ஒவ்வொரு லேப்டாப்பிலும் கழற்றி மாட்டக்கூடிய ஒரு ரேம் ஸ்லாட்டாவது இருக்க வேண்டும் என்று டெண்டரில் ஒரு வரி எழுதுங்கள். எந்த டிடிஆர், எத்தனை வேகம், அதிகபட்சம் எத்தனை ஜிபி என்பதை அரசு முத்திரைக்குப் பக்கத்திலேயே தமிழில் அச்சிடுங்கள். ரேம் போடப் பின்மூடியைத் திறந்தால் வாரன்டி போகாது என்று எழுத்தில் கொடுங்கள். அந்த அச்சுக்குப் பெரிய செலவில்லை. அச்சகத்துக்குப் பஞ்சமில்லாத சிவகாசி எங்களுக்குப் பக்கத்து ஊர்தான்.

இன்னொன்றும் கேட்பேன். பாலிடெக்னிக், ஐடிஐ மாணவர்களைக் கொண்டு வருடத்துக்கு ஒரு முறை ஊருக்கு ஊர் முகாம் போடுங்கள். பழைய அரசு லேப்டாப்களை எடுத்துவரச் சொல்லுங்கள். பத்தைத் திறந்தால் மூன்று ஓடாது. அந்த மூன்றின் ரேம் மற்ற ஏழுக்கு உதவும். மாணவருக்குத் தொழில் படியும், வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் உயிர் பெறும். நான் வந்து சொல்லிக்கொடுக்கத் தயார், கூலி வேண்டாம்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஞாயிற்றுக்கிழமை பரணில் இருக்கும் அந்த லேப்டாப்பை இறக்குங்கள். சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, உடம்பிலுள்ள நிலைமின்சாரம் இறங்க இரும்பு ஜன்னல் கம்பியை ஒரு தடவை தொட்டுவிட்டு, பின்மூடியைத் திறங்கள். ரேம் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் போனில் படம் எடுங்கள். பக்கத்தில் காலி ஸ்லாட் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் படத்தோடு கடைக்குப் போங்கள்.